ஃபாலுன் சிவப்பு: வெயிலை மறித்த சுரங்கக் கழிவு

ஸ்வீடன் நாட்டுக் கிராமப்புறத்தில் மரவீடு என்றால் பெரும்பாலும் அது செங்காவி நிறத்தில்தான் இருக்கும். மூலைப் பலகைகளும் சன்னல் சட்டங்களும் வெள்ளை. மற்றதெல்லாம் பளபளப்பே இல்லாத அடர் சிவப்பு. களஞ்சியம், மாட்டுக்கொட்டில், படகுக் கொட்டகை, கோடைக் குடில் எல்லாவற்றுக்கும் இதே நிறம். ஃபின்லாந்திலும் நார்வேயிலும்கூட இதன் சாயல் உண்டு. இந்தச் செந்தூளின் பிறப்பிடம் டாலர்னா மாகாணத்திலுள்ள ஃபாலுன் என்ற ஊர். அங்கே பல நூற்றாண்டுகள் செம்பு தோண்டிய ஒரு பெரிய சுரங்கத்தின் கழிவு மண்ணே இதன் மூலப்பொருள். ஊரின் பெயராலேயே இது ஃபாலுன் சிவப்பு என்று அழைக்கப்படுகிறது.

வெளியே நிற்கும் மரத்தை வெயிலிலிருந்து காப்பதற்கு நிறமேற்றிய பூச்சே சிறந்தது என்பது இன்று ஆய்வகங்களில் நிறுவப்பட்ட செய்தி. ஃபாலுன் சிவப்பின் வரலாறு அந்த அறிவுக்குப் பல தலைமுறை முந்தியது. அதை முதலில் பூசியவர்கள் நாடியது செல்வச் சாயலை. அதை விற்றவர்கள் நாடியது கழிவிலிருந்து காசை. மரம் நீண்ட காலம் உழைத்தது இரண்டுக்கும் பிறகு தெரியவந்த ஆதாயம்.

ஃபாலுன் சுரங்கம் பற்றிய முதல் எழுத்துச் சான்று 1288ஆம் ஆண்டில்தான் கிடைக்கிறது. வெஸ்டெரோஸ் நகரத்து ஆயர் பேதுரு, சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கைத் தம் வசமாக்கிக்கொண்ட பத்திரம் அது. பங்கு பிரித்து விற்கும் அளவுக்கு அந்தக் காலத்திலேயே அது வளர்ந்திருந்தது என்றால், தோண்டத் தொடங்கியது அதற்கு வெகு முன்னதாக இருந்திருக்க வேண்டும். ஊர்க்கதை இன்னும் சுவையானது. கோரே என்ற ஆட்டுக்கடா ஒன்று மேய்ச்சலிலிருந்து திரும்பியபோது கொம்பெல்லாம் சிவந்திருந்ததாம். அது மண்ணில் முட்டிய இடத்தைத் தேடிப்போனவர்கள் செம்பு மலையைக் கண்டார்களாம். கதை உண்மையோ இல்லையோ, அதைக் கட்டியவருக்கு அந்த மண்ணின் குணம் தெரிந்திருக்கிறது. செம்புத் தாது கிடக்கும் இடத்தில் மேலே சிவப்பும் மஞ்சளுமாக இரும்புக் காவி படிந்திருப்பது இயல்பு.

1347இல் மன்னர் மாக்னுஸ் எரிக்சன் சுரங்கத்தாருக்கு உரிமைச் சாசனம் வழங்கினார். 17ஆம் நூற்றாண்டில் ஃபாலுன் உச்சத்தைத் தொட்டது. ஐரோப்பாவில் புழங்கிய செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்போது இங்கிருந்து போனது. 1650ஆம் ஆண்டு விளைச்சல் சுமார் 3,000 டன். முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் வல்லரசாக நிமிர்ந்து நின்றதற்கு இந்தச் செம்பு பெரும் பக்கபலம். 1644இல் செம்புத் தகடுகளையே நாணயமாக அடித்தார்கள். பத்து டாலர் மதிப்புள்ள தகடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ. பையில் போட்டு எடுத்துச் செல்ல முடியாத பணம் அது.

செம்பு போகும், கழிவு தங்கும். பாறையைத் தீமூட்டிச் சுட்டுப் பிளந்து, தாதுவைப் பொறுக்கியெடுத்த பின் செம்புச் சத்துக் குறைந்த கல்லும் பொடியும் சுரங்க வாயைச் சுற்றி மேடுமேடாகக் குவிந்தன. அந்தக் குவியல்களில் இரும்பும் கந்தகமும் கலந்த கனிமம் நிறைய இருந்தது. காற்றும் மழையும் பட்டு அது மெல்ல மெல்லச் சிதைந்தது. இரும்பின் ஒரு பகுதி அன்னபேதி என்னும் உப்பாகக் கரைந்து சுரங்கத் தண்ணீரில் கலந்தது. இன்னொரு பகுதி மஞ்சள் காவியாக மண்ணில் தங்கியது. மஞ்சள் காவியைச் சுட்டால் அதிலுள்ள நீர் நீங்கிச் சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். தமிழ்நாட்டுக் கோயில் மதில்களில் வெள்ளைக்கு இடையே இழுக்கும் காவிப்பட்டையின் நிறமும் இதே இரும்பு ஆக்சைடுதான். ஃபாலுன் மண்ணின் தனித்தன்மை, இந்த ஆக்சைடோடு மணற்சத்தும் செம்பு, துத்தநாகம், ஈயம் ஆகியவற்றின் சிறு சிறு எச்சங்களும் சேர்ந்திருப்பது.

அன்னபேதி ஊறிய அந்தச் சுரங்கத் தண்ணீரின் பதப்படுத்தும் ஆற்றலுக்கு ஒரு விசித்திரச் சான்று உண்டு. 1719இல் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த ஒரு குடைவில் ஓர் இளைஞனின் உடல் கிடைத்தது. முகம் சிதையவில்லை, நேற்று இறந்தவனைப் போல இருந்தான். ஊரே கூடிப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் மார்கரேட்டா ஓல்ஸ்டாட்டர் என்ற முதிய பெண் வந்து, அவன் தனக்கு நிச்சயிக்கப்பட்ட மாட்ஸ் இஸ்ராயேல்சன் என்றார். அவன் காணாமல் போனது 1677இல். இடைப்பட்ட 42 ஆண்டுகளில் அவர் கிழவியாகியிருந்தார். அவன் அப்படியே இருந்தான். ஜெர்மானிய எழுத்தாளர் ஹாஃப்மன் இதை வைத்து ஒரு கதையே எழுதினார். சாயத்தின் வரலாற்றில் இந்தச் சம்பவத்துக்கு இடம் தருவதற்குக் காரணம் உண்டு: அவன் உடலைக் காத்த அதே உப்பு ஃபாலுன் சிவப்பின் செய்முறையிலும் சேர்கிறது.

செந்தூளை மரத்தில் பூசிய செய்தி 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் தலைகாட்டுகிறது. 1570களில் மன்னர் மூன்றாம் யோஹான் அரண்மனைக் கூரைக்குச் செந்நிறம் பூச இதைக் கேட்டிருக்கிறார். கட்டடங்கள் மீது தீராத மோகம் கொண்ட மன்னர் அவர். அப்போதைய வடஐரோப்பாவில் செல்வத்தின் அடையாளம் செங்கல். டச்சு நாட்டுப் பாணியில் செங்கல் மாளிகையும் செம்புக் கூரையும் எழுப்ப வசதியுள்ளவர்கள் எழுப்பினார்கள். ஸ்வீடனில் மரத்துக்குப் பஞ்சமில்லை, செங்கல்லுக்குத்தான் பஞ்சம். அதனால் 17ஆம் நூற்றாண்டில் பிரபுக்கள் தங்கள் மரமாளிகைகளைச் சிவப்பாக்கினார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது செங்கல்லாகத் தோன்ற வேண்டும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இது ஒரு போலி. ஆனால் அந்தப் போலியின் கீழிருந்த மரம், பூசாத மரத்தைவிட நன்றாக நிலைத்தது.

பூசாத மரம் எப்படி இருக்கும் என்பதை அறிய அந்தக் கால விவசாயிகளின் வீடுகளைப் பார்த்தால் போதும். வைரம் பாய்ந்த பைன் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய அந்த வீடுகள் சாம்பல் நிறத்தில் நின்றன. சாம்பல் நிறம் ஏழ்மையின் நிறமாகவே கருதப்பட்டது. மரத்தைக் காக்க வேறு வழி ஒன்று பழங்காலந்தொட்டு இருந்தது: பைன் வேரையும் அடிக்கட்டையையும் சூளையில் வேகவைத்து வடிக்கும் தார். நார்வேயின் போர்குன்ட் ஊரில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்பதற்குத் தார் பூச்சு ஒரு முக்கியக் காரணம். தாரின் பழுப்பு நிறமே வெயிலில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கோடையில் அது இளகி வழியும். தெற்குப் பக்கத்துச் சுவரிலும் கூரையிலும் மற்றப் பக்கங்களைவிட அடிக்கடி பூச வேண்டியிருந்தது. ஸ்வீடனின் சில தேவாலயங்களில் கூரையின் மர ஓடுகளுக்குப் பூசும் தாரில் செந்தூளைக் கலந்தார்கள். எண்ணெய்ப் பசையில் மண்நிறமி சேர்ந்த இக்கலவையை இன்றைய நிறமேற்றிய மரப்பூச்சுகளின் நேர் மூதாதை என்று சொல்லலாம்.

1687 ஜூன் 25 அன்று ஃபாலுன் சுரங்கத்தின் பெரும்பகுதி இடிந்து உள்ளே விழுந்தது. மூன்று பெரிய குழிகளுக்கு நடுவே நின்ற பாறைச் சுவர்கள் சரிந்து ஒரே பள்ளமாயின. கோடை நடுநாள் பண்டிகைக்காகத் தொழிலாளர் யாரும் உள்ளே இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. ஏறக்குறைய 100 மீட்டர் ஆழமுள்ள அந்தப் பள்ளம் இன்றும் திறந்து கிடக்கிறது. சுரங்கம் மீண்டும் இயங்கினாலும் செம்பு விளைச்சல் பழைய உச்சத்தைத் தொடவில்லை. 1734இல் இங்கு வந்த தாவரவியலாளர் லின்னேயஸ், தாது வறுக்கும் குவியல்களிலிருந்து எழுந்த கந்தகப் புகையையும் அதனால் சுற்றுப்புறம் செடியற்றுக் கிடந்ததையும் எழுதிவைத்தார்.

18ஆம் நூற்றாண்டில் செம்பு குறையக் குறைய, சுரங்கத்தை நடத்திய ஸ்தூரா கோப்பர்பெரி நிறுவனம் மற்றப் பண்டங்களைத் தேடியது. அன்னபேதியும் கந்தகமும் விற்பனைக்கு வந்தன. அந்த வரிசையில் 1764இல் சிவப்புச் சாயத் தயாரிப்பு முறையான தொழிலாகத் தொடங்கியது. அதுவரை வேண்டியவர் வேண்டிய அளவு அள்ளிப்போன மண், இப்போது ஒரே தரத்தில் தூளாகிப் பீப்பாய்களில் நாடெங்கும் போனது. இது சாதாரண மாற்றமல்ல. ஒரே தரம் என்றால் பத்தாண்டு கழித்து மறுபடி பூசினாலும் பழைய நிறத்தோடு பொருந்தும். பொருந்தும் என்றால் சுவர் முழுவதையும் ஒரேயடியாகப் பூச வேண்டியதில்லை, வெயில் அரித்த பக்கத்தை மட்டும் புதுப்பிக்கலாம்.

தயாரிப்பு முறை அடிப்படையில் இன்றும் மாறவில்லை. பழைய கழிவு மேடுகளிலிருந்து நன்கு சிதைந்த மண்ணை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கல்லையும் பெருமணலையும் பிரிப்பார்கள். வண்டல் தொட்டிகளில் படிந்த நுண்மண்ணை உலர்த்திச் சூளையில் சுடுவார்கள். சூடு சுமார் 800 டிகிரி செல்சியஸ். சூட்டைப் பொறுத்து நிறம் மாறும். குறைவாகச் சுட்டால் இளஞ்சிவப்பு, மேலும் சுட்டால் அடர் சிவப்பு, அதற்கும் மேலே போனால் கறுப்பு நோக்கிப் போகும். பிறகு அரைத்துத் தூளாக்குவார்கள்.

தூளைப் பூச்சாக்குவது வீட்டாரின் வேலை. ஸ்வீடனில் பரவலாகச் சொல்லப்படும் அளவு இது: 50 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 2 கிலோ அன்னபேதி, இரண்டரை கிலோ மாவு, 8 கிலோ செந்தூள். மாவு பெரும்பாலும் அந்நாட்டில் விளையும் ரை தானியத்தினுடையது, கோதுமையும் ஆகும். பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அன்னபேதியைக் கரைத்து, மாவைக் கட்டிதட்டாமல் தூவிக் கிளறிக் காய்ச்சுவார்கள். கூழ் பதம் வந்ததும் செந்தூளைச் சேர்த்து இன்னும் கால்மணி நேரம் கொதிக்கவிடுவார்கள். கடைசியில் சிறிதளவு ஆளி விதை எண்ணெய் விடுவதும் உண்டு. அது தூள் கையில் ஒட்டுவதைக் குறைக்கும். அதிகம் விட்டால் பூச்சு படலமாக இறுகிவிடும், அது இந்தச் சாயத்தின் குணத்துக்கே விரோதம். ஆறிய கூழை அகலமான தூரிகையால் மரத்தில் தேய்த்தேற்றுவார்கள்.

இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாவுக்கூழ் தூளை மரத்தோடு பிடித்துவைக்கிறது. அன்னபேதி மாவில் பூஞ்சணம் பிடிக்காமல் தடுக்கிறது. ஆனால் வெயிலைத் தடுப்பது இந்த இரண்டுமல்ல, செந்தூள் மட்டுமே. அன்னபேதிக் கரைசலைத் தனியே மரத்தில் பூசும் வழக்கமும் ஸ்வீடனில் உண்டு. புது மரம் சில மாதங்களில் சீரான வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அது மூப்பை மறைக்காமல் முன்கூட்டியே வரவழைக்கும் உத்தி. தோற்றம் ஒழுங்காக இருக்கும், வெயிலுக்கு மறைப்பாகாது.

சிவப்பு நிறம் சமூகத்தின் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கிய விதம் கவனிக்கத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் மாளிகைகள், 18ஆம் நூற்றாண்டில் படை அதிகாரிகளின் குடியிருப்புகளும் பாதிரியார் இல்லங்களும், 19ஆம் நூற்றாண்டில் விவசாயிகளின் வீடுகள். கீழே வர வர மேலே இருந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங்கல் மோகம் போய்ச் சுண்ணச்சாந்து பூசிய கல் மாளிகை மோகம் வந்தது. நகரத்து வீடுகள் வெளிர் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் மாறின. அதே காலத்தில்தான் கிராமம் சிவந்தது. வெள்ளை எண்ணெய்ச் சாயம் மலிந்த பிறகு மூலைப் பலகைகளும் சன்னல்களும் வெள்ளையாயின. இன்று ஸ்வீடனின் தொன்மை அடையாளமாக அஞ்சலட்டைகளில் காணும் சிவப்பு வெள்ளைக் குடில் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானதே. ஃபாலுனுக்குப் பக்கத்திலுள்ள சுண்ட்போர்ன் கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் கார்ல் லார்சன், தம் வீட்டை நீர்வண்ணத்தில் வரைந்து 1899இல் புத்தகமாக வெளியிட்டது அந்தப் பிம்பத்தை வீடுதோறும் கொண்டுபோனது. ஃபின்லாந்தில் சிவப்புக் குடிலும் ஒரு துண்டு உருளைக்கிழங்கு நிலமும் எளிய குடித்தன ஆசையைக் குறிக்கும் வழக்காகவே ஆகிவிட்டது.

விவசாயிகள் இதை ஏற்றதற்கு அழகு மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. சூளைக்கும் சுரங்கத்துக்கும் காடு தீர்ந்துவிடும் என்ற கவலை 18ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் பலமாக இருந்தது. கட்டிய மரம் கூடுதல் காலம் நின்றால் அது கண்ணுக்குத் தெரிந்த லாபம். விலையும் குறைவு, மாவும் தண்ணீரும் வீட்டிலேயே கிடைக்கும்.

மரத்தை வெயில் எப்படிக் கெடுக்கிறது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் விளங்கியது. மரம் முக்கியமாகச் செல்லுலோஸ் நார்களால் ஆனது. அந்த நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். ஊசியிலை மரங்களில் லிக்னின் 25 முதல் 30 சதவீதம் வரை. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களைச் செல்லுலோஸைவிட லிக்னின் மிகுதியாக உறிஞ்சுகிறது. உறிஞ்சிய ஆற்றல் அதன் பிணைப்புகளை உடைக்கிறது. உடைந்த துண்டுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள், பழுப்புப் பொருள்களாகின்றன. புது மரம் வெயிலில் முதலில் மஞ்சளிப்பது இதனால்தான். அந்தத் துண்டுகள் தண்ணீரில் கரைபவை. மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போக, பிடிப்பிழந்த நார்கள் மேலே எஞ்சுகின்றன. அவற்றில் கரும்பூஞ்சணம் குடியேற, மரம் சாம்பல் நிறமாகிறது.

புற ஊதாக் கதிர் மரத்துக்குள் ஏறத்தாழ 75 மைக்ரோமீட்டர் ஆழம் வரைதான் போகும். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 200 மைக்ரோமீட்டர். அதாவது சேதம் மேல்தோலோடு நிற்கிறது. ஆனால் மழையும் காற்றும் அந்தத் தோலை உரித்துக்கொண்டே இருப்பதால் கீழுள்ள புது மரம் வெயிலுக்கு வந்துகொண்டே இருக்கும். பூசாத ஊசியிலை மரம் இப்படி நூறாண்டுக்கு 6 மில்லிமீட்டர் அளவில் தேய்கிறது. கட்டை வீட்டுக்கு இது பெரிய இழப்பல்ல. அங்குல கனமுள்ள பலகைக்கும், ஒரு விரற்கடைகூட இல்லாத மர ஓட்டுக்கும் இது பெரிய இழப்பு. தேய்வைவிட வெடிப்பு கொடியது. நார்ப் பிடிப்பு தளர்ந்த மேற்பரப்பில் ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது விரிசல் விழும்; விரிசலில் தண்ணீர் தங்கும்; அங்கிருந்துதான் உளுப்பு தொடங்கும்.

நிறமற்ற வார்னிஷ் வெயிலில் ஏன் தோற்றுப்போகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ஒளி புகும் படலத்தின் வழியே புற ஊதாக் கதிரும் உள்ளே புகுந்து, படலத்துக்குக் கீழே இருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. வார்னிஷ் தன்னளவில் கெடாமல் இருந்தாலும் அது பிடித்திருந்த மரத்தின் மேல்தோல் கழன்றுவிடுகிறது. படலம் செதிள் செதிளாக உரிகிறது. புது மரத்தைச் சில வாரங்கள் வெயிலில் போட்டுவைத்துவிட்டுப் பிறகு பூசினாலும் இதே கதிதான்.

இரும்பு ஆக்சைடு ஏன் பொருத்தமானது என்பதற்கு அதன் நிறமே சாட்சி. சிவப்பாகத் தெரிகிறது என்றாலே நீலம், ஊதா, பச்சை ஒளிகளை அது விழுங்கிவிடுகிறது என்று பொருள். அதற்கும் அப்பாலுள்ள புற ஊதாவையும் விழுங்குகிறது. மரத்தைக் கெடுக்கும் ஒளி எதுவோ அதுவே அதற்கு இரை. தாவரச் சாயங்கள் ஒளியை விழுங்கித் தாமும் வெளுத்துப்போகும். இரும்பு ஆக்சைடு முழுக்கத் துருவேறிய பொருள், அதற்கு மேல் கெட இடமில்லை. ஃபாலுன் பூச்சில் தேய்வது மாவுக்கூழ்தான். அது தேயத் தேய மேலிருக்கும் தூள் உதிர்கிறது, அடியிலுள்ள தூள் காவலை ஏற்கிறது. படலம் இல்லாததால் உரிவதில்லை. மரத்துக்குள் புகுந்த ஈரம் தடையின்றி வெளியேறுகிறது. மறுபடி பூசும்போது பழையதைச் சுரண்டத் தேவையில்லை, உதிர்தூளைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். நல்ல சுவரில் பத்தாண்டுக்கு ஒருமுறை பூசுவது வழக்கம். சாய்ந்து வரும் வடநாட்டு வெயில் நேராக அடிக்கும் தெற்குச் சுவருக்கு இன்னும் முன்னதாக.

மரத்தின் ரேகை தெரிய வேண்டும் என்ற விருப்பம் இதற்கு வேறான ஒரு கிளையை வளர்த்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் காபட் 1877இல் தொடங்கிய நிறுவனம், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட் எண்ணெயில் நிறமி கலந்து மர ஓடுகளுக்கான பூச்சை விற்றது. 1880களில் நியூ இங்கிலாந்துக் கடற்கரையோரம் சுவரும் கூரையும் மர ஓட்டாலேயே போர்த்திய வீடுகள் நாகரிகமாக இருந்ததால் அதற்குச் சந்தை கிடைத்தது. எண்ணெய் மரத்துக்குள் ஊறும். நிறமி மேற்பரப்பின் நுண்துளைகளில் தங்கும். ரேகை முழுக்க மறையாது.

இதை ஒழுங்கான அறிவியலாக்கியது 1910இல் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசன் நகரில் அமெரிக்க அரசு நிறுவிய வனப்பொருள் ஆய்வகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் புறநகர்களில் சிடார், ரெட்வுட் பலகை வீடுகள் பெருகின; நல்ல மரத்தை வண்ணத்தால் மூட வீட்டுக்காரர்களுக்கு மனமில்லை; வார்னிஷ் அடித்தால் இரண்டு கோடை தாங்கவில்லை. 1950களில் அந்த ஆய்வகம் வெளியிட்ட செய்முறை ‘மேடிசன் சூத்திரம்’ என்று பெயர் பெற்றது. காய்ச்சிய ஆளி விதை எண்ணெயே அடிப்படை. தண்ணீரைத் தள்ளப் பாரஃபின் மெழுகு, பூஞ்சணத்தைத் தடுக்கப் பென்டாகுளோரோஃபீனால், வெயிலைத் தடுக்கச் சியென்னா, அம்பர் என்ற மண்நிறமிகள். இரண்டு நிறமிகளுமே இரும்புக் காவிகள். ஃபாலுனின் செந்தூளும் மேடிசனின் பழுப்புத் தூளும் ஒரே குடும்பம் என்பது தற்செயலல்ல. மலிவாகவும் நிலையாகவும் புற ஊதாவை மறிக்கும் நிறமி வேறெதுவும் அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. சோதனைகளில் தெரிந்த இன்னொன்றும் ஸ்வீடன் விவசாயிகளுக்குப் பழைய செய்தி: இழைத்து வழவழப்பாக்கிய பலகையைவிட, வாள் பட்ட சொரசொரப்பு மாறாத பலகையில் பூச்சு ஏறத்தாழ இரு மடங்கு காலம் நிற்கும். சொரசொரப்பில் நிறமி அதிகம் ஏறும் என்பதே காரணம்.

மேடிசன் சூத்திரத்தின் பலவீனம் பென்டாகுளோரோஃபீனாலின் நச்சுத்தன்மை. அமெரிக்காவில் 1980களின் நடுவில் அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது. ஜெர்மனி 1989இல் தடைசெய்தது. அடுத்து நெருக்கடிக்கு உள்ளானது கரைப்பான். பூச்சுகளிலிருந்து ஆவியாகும் கரிமக் கரைப்பான்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் உச்சவரம்பு விதித்து, 2007, 2010 என இரு கட்டங்களில் நடைமுறைப்படுத்தியது. பெரும் நிறுவனங்களெல்லாம் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சுகளுக்கு மாறின. ஃபாலுன் கூழ் எப்போதும் தண்ணீரில் காய்ச்சியதுதான்.

இன்றைய ஒளிபுகு மரப்பூச்சுகளில் நிறமி மிகமிக நுண்ணியது. இரும்பு ஆக்சைடுத் துகளை 100 நானோமீட்டருக்கும் குறைவாகச் சிறிதாக்கினால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியைச் சிதறடிக்காது, ரேகை தெரியும். புற ஊதாவை விழுங்கும் குணம் மட்டும் மாறாது. இதோடு புற ஊதாவை உறிஞ்சும் கரிமப் பொருள்களையும், உடைந்த மூலக்கூறுகளை அடக்கும் நிலைநிறுத்திகளையும் சேர்க்கிறார்கள். அவை உதவுகின்றன, ஆனால் காலப்போக்கில் தாமே தீர்ந்துபோகின்றன. நிறமி தீர்வதில்லை. அதனால் ஒரே நிறுவனத்தின் பூச்சுகளிலும் நிறம் ஆழமானது வெளிர்நிறத்தைவிட நீண்ட நாள் நிற்கிறது. 1970களில் ஸ்வீடனில் பழுப்புப் பூச்சு புது நாகரிகமாகி, பழைய சிவப்புச் சுவர்களின் மேலேயே படலம் கட்டும் சாயங்களைப் பூசியவர்களும் இருந்தார்கள். தூள் உதிரும் பரப்பில் படலம் ஒட்டாது; ஒட்டிய இடத்தில் ஈரத்தை அடைத்துவைக்கும். அந்த நாகரிகம் நீடிக்கவில்லை.

ஃபாலுனில் செம்புச் சுரங்கம் 1992 டிசம்பர் 8 அன்று மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த எல்ஸ்போரி, எஸ்டான்ஃபோர்ஸ் போன்ற பழைய தெருக்களின் சிவப்பு மரவீடுகள் இன்றும் குடியிருப்புகளாகவே இருக்கின்றன. சாயத் தயாரிப்பு நிற்கவில்லை. புதிதாகத் தோண்டாமல், முன்னோர் வேண்டாமென்று கொட்டிய மேடுகளிலிருந்து மண் எடுத்து அங்கேயே சுட்டுத் தூளாக்குகிறார்கள்.

இந்தப் பூச்சு எல்லா மரத்துக்கும் ஆகாது. இழைத்த மரத்தில் பிடிக்காது, கைபடும் கதவிலும் இருக்கையிலும் தூள் ஒட்டும், கழுவித் துடைக்க முடியாது. அங்கெல்லாம் மரத்தில் ஊறும் நிறமேற்றிய எண்ணெய்ப் பூச்சே பொருந்தும். வெயிலின் வேதியியல் எந்த நாட்டிலும் ஒன்றுதான்; நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அதன் வேகம்தான் கூடுகிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வெயில் நேராக விழும் தேக்குக் கதவுக்கும் சன்னலுக்கும் முற்றத்து ஊஞ்சலுக்கும் நிறமற்ற வார்னிஷ் அடிப்பது பணவிரயம்.